புகை மேலே போகும், சாம்பல் கூடவே வரும்

(பினாங்கில் தமிழ் வாசகர்கள் கூடிய ஓர் அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் வளர்ந்தது ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு வரிசையில். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஹொக்கியன் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பாட்டியை நாங்களும் ‘ஆமா’ என்றுதான் கூப்பிடுவோம். ஹொக்கியனில் பாட்டிக்கு அதுதான் பெயர். விடிகாலையில் என் அம்மா வாசல் தெளிக்க வரும் நேரத்தில் ஆமாவும் வெளியே வருவார், கையில் மூன்று ஊதுபத்திகளோடு. கடைவீட்டு முன்நடையான அஞ்சடியில் வானத்தைப் பார்த்து நின்று, பத்தியை நெற்றிக்கு நேரே உயர்த்தி மூன்று தரம் வணங்குவார். வாசல் சுவரில் ஒரு சிவப்புத் தகடு, அதன் கீழே சாம்பல் நிறைந்த சிறு குவளை. பத்திகளை அதில் செருகுவார். அதற்குப் பிறகுதான் வேறு பத்தி கொளுத்திக்கொண்டு உள்ளே சாமி மேடைக்குப் போவார்.

சாமி வீட்டுக்குள் இருக்கிறது, இவர் ஏன் முதலில் தெருவைக் கும்பிடுகிறார் என்று எனக்கு அப்போது ஒரே குழப்பம். ஒருநாள் கேட்டே விட்டேன். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். அவர் விரலை மேலே காட்டினார். மேலே இருக்கும் பெரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் மற்றவர்களிடம் என்றார். அந்தப் பெரியவர் ‘தீ கோங்’, அதாவது வானத்து ஐயா. நூல்களில் அவரை ஜேட் பேரரசர் என்று சொல்வார்கள். சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் பினாங்கு ஹொக்கியன் வீடுகளில் கரும்பு கட்டி வணங்குவது அவருக்காகத்தான். அத்தனை பெரிய தெய்வத்துக்கு ஆமாவின் வீட்டில் சிலை கிடையாது, படம் கிடையாது. அந்தக் குவளையும் அதிலிருந்த சாம்பலும்தான் அவருக்குரிய இடம்.

தாவோ சமயத்தில் ஊதுபத்தி கொளுத்துவதன் பொருளைப் பற்றிப் பேச அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குவளைதான். பத்திக்குப் போவதற்கு முன்னால், பத்தி நிற்கும் பாத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதைக் ‘கலயம்’ என்றே இன்று சொல்லப் போகிறேன். குங்கிலியக்கலய நாயனாரை அறிந்த நமக்கு அந்தச் சொல் சட்டென்று பிடிபடும்.

அந்த நாயனாரின் கதை உங்களுக்குத் தெரியும். மனைவியின் தாலியைக் கொடுத்துக் குங்கிலிய மூட்டையை வாங்கி வந்தவர். அங்கே நறுமணம் இறைவனுக்குச் செய்யும் தொண்டு. நம் கோயில் பூசையில் தூபம் ஓர் உபசாரம். அடுத்து தீபம், அடுத்து நைவேத்தியம். சீனக் கோயிலுக்குள் நுழையும் தமிழர் இந்தக் கண்ணோடுதான் பார்ப்போம். இவர்களும் தங்கள் சாமிக்கு மணம் காட்டுகிறார்கள் என்று எண்ணிக்கொள்வோம். அது தவறில்லை, ஆனால் அது பாதிகூட இல்லை.

தாவோ சமயம் ஓர் அமைப்பாகத் தோன்றியதை கி.பி. 142இலிருந்து கணக்கிடுவார்கள். இன்றைய சிச்சுவான் பகுதி மலை ஒன்றில் ஜாங் தாவோலிங் என்பவருக்குத் தாவோ ஞானி லாவோசு தெய்வ வடிவில் காட்சி தந்தார் என்பது மரபு. அப்போது எழுந்த ‘வானக ஆசான்’ இயக்கம் அந்நாளைய ஊர் வழிபாட்டோடு நேருக்கு நேர் மோதியது. ஊர்த் தெய்வங்களுக்கு ஆடு, பன்றி, கோழி வெட்டி இரத்தப் பலி கொடுப்பது வழக்கம். பலிக்குச் செலவழித்தே குடும்பங்கள் நொடித்துப்போகும். புதிய இயக்கம் அதைத் தடுத்தது. தங்கள் தெய்வங்கள் உணவை ஏற்பதில்லை, ஆசானும் கூலி வாங்குவதில்லை என்பது அவர்களுடைய உடன்படிக்கை.

இதை எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன். உண்ணாத தெய்வத்தை எப்படி அணுகுவது? விருந்து வைக்க முடியாது, இரத்தம் காட்ட முடியாது. அவர்கள் கண்ட வழி இரண்டு: எழுத்து, நறும்புகை. நோயோ வழக்கோ குடும்பத் துன்பமோ வந்தால் ஆசான் ஒரு மனு எழுதுவார். வானகத்தில் எந்த அலுவலகத்துக்கு, எந்த அதிகாரிக்கு என்று குறிப்பிட்டு முறைப்படி எழுதிய விண்ணப்பம் அது. அதைச் சேர்ப்பிக்கும் வழி கலயத்திலிருந்து எழும் புகை.

ஐந்தாம் நூற்றாண்டில் லூ சியுஜிங் என்ற பெரும் ஆசான் இருந்தார். காலம் 406 முதல் 477. சிதறிக் கிடந்த தாவோ சடங்குகளை வரிசைப்படுத்தி ஒழுங்கு செய்தவர் அவர்தான். அடியார் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்க வேண்டிய ‘அமைதி அறை’ எப்படி இருக்க வேண்டும் என்று அவர் விவரிக்கிறார். மற்றக் கட்டடங்களோடு ஒட்டாமல் தனியே நிற்க வேண்டும். உள்ளே நான்கே பொருள்: ஒரு தூபக் கலயம், ஒரு விளக்கு, மனு வைக்கும் மேசை, எழுத்தைச் சுரண்டித் திருத்த ஒரு சிறு கத்தி. இன்றைய சீனக் கோயில்களில் சிவப்பும் பொன்னும் பூதகணங்களும் டிராகன்களும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வெற்று அறை நம்ப முடியாததாக இருக்கும். சிலைகள் பின்னால் வந்து சேர்ந்தவை. கலயம் தொடக்கத்திலேயே இருந்தது.

இன்றும் தாவோ ஆசான் பெருஞ்சடங்கைத் தொடங்கும்போது செய்யும் செயலுக்குக் ‘கலயத்தை எழுப்புதல்’ என்று பெயர். சீனத்தில் ‘ஃபாலூ’. கைப்பிடி வைத்த சிறு தூபக்காலை ஏந்தி அவர் நிற்பார். வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காது. வாத்தியம் தணியும், அவர் உதடு மெல்ல அசையும். ஆனால் அந்த மரபின்படி அப்போதுதான் எல்லாமே நடக்கிறது. ஆசானின் உடலே ஒரு நாடு. அதற்குள் தெய்வ அலுவலர்கள் குடியிருக்கிறார்கள். அவர் அவர்களை ஒவ்வொருவராக எண்ணி, தம் உடலிலிருந்து வெளியே எழுப்பி, கலயத்துப் புகையோடு மேலே அனுப்புகிறார். நறும்புகைக்குக் காவலாகப் பொன் சிறுவன், சொல்லைக் கொண்டுபோக ஜேட் சிறுமி. சடங்கு முடிந்ததும் அவர்களை மறுபடி தம் உடலுக்குள் அழைத்து அமர்த்துவார். அதற்குக் ‘கலயத்தைத் திருப்புதல்’ என்று பெயர். இதை வெளியுலகுக்கு விளக்கிச் சொன்னவர்களில் முதன்மையானவர் கிறிஸ்டோபர் ஷிப்பர் என்ற டச்சு அறிஞர். தைவானின் தைனான் நகரில் பல ஆண்டுகள் ஆசான்களிடம் கற்று, 1968இல் தாமே தாவோ ஆசானாகத் தீட்சை பெற்றவர். வெளியே எரியும் கலயமும் உள்ளே இருக்கும் உடலும் ஒன்றுக்கொன்று கண்ணாடி என்ற எண்ணம் அவர் நூல்களைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஏன் புகை? தாவோ சிந்தனையில் எல்லாமே ‘சீ’ என்ற மூச்சாற்றலின் இறுக்கமும் தளர்வும்தான். மூச்சு இறுகினால் மலை, மரம், மனிதர். தளர்ந்தால் திரும்பவும் மூச்சு. திருமறைகளே தொடக்கத்தில் வானத்தில் மூச்சு இறுகி எழுத்தானவை என்று நம்பும் மரபு அது. அதனால்தான் அவர்களுடைய மந்திரத் தகடுகளில் எழுத்து மேகம் சுருண்டதுபோல வளைந்து கிடக்கும். பத்தியில் நடப்பது அதற்குத் தலைகீழ். கட்டையாய் இருந்தது கண்ணெதிரே புகையாகி, புகை மணமாகி, மணமும் மறைந்துபோகிறது. பொருள் தன் மூலத்துக்குத் திரும்பும் பாதையை அரை மணி நேரத்தில் கண்ணால் காணலாம்.

இந்தக் கற்பனைக்கு வயது அதிகம். 1968இல் ஹெபெய் மாகாணத்து மன்செங்கில், கி.மு. 113இல் இறந்த லியு ஷெங் என்ற சிற்றரசரின் கல்லறையைத் திறந்தார்கள். ஜேட் கல் உடையோடு கிடந்த அரசரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அங்கே கிடைத்த வெண்கலத் தூபக் கலயம். 26 சென்டிமீட்டர் உயரம், மேனியெங்கும் பொன் இழை பதித்தது. அதன் மூடி அடுக்கடுக்கான மலை. மலை இடுக்குகளில் விலங்குகளும் வேடர்களும். சிகரங்களுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத துளைகள். உள்ளே தணல் வைத்தால் மலையின் குகைகளிலிருந்து மேகம் எழும். சாவில்லாதவர்கள் வாழும் கடல்நடு மலையை மேசைமேல் உண்டாக்கிவிட்டான் அந்தக் கன்னான். தாவோ சமயம் அமைப்பாவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய கலயம் அது.

மூன்று பத்தி ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. வானம், பூமி, மனிதர் என்பார்கள் சிலர். தாவோ, மறை, ஆசான் என்பார்கள் ஆசான்கள். இடக்கையால் செருக வேண்டும், முதலில் நடுவில், பத்திகளுக்கிடையே ஒரு விரற்கடைக்கு மேல் இடைவெளி கூடாது என்றெல்லாம் முறைகள் இருக்கின்றன. ஊருக்கு ஊர் மாறும். அதில் நான் நிற்கப் போவதில்லை.

எரிக்கும் பொருளைப் பற்றி மட்டும் நாம் தமிழர் என்ற முறையில் ஒரு வார்த்தை. தாவோ சடங்குகளில் மிக உயர்ந்ததாக மதித்த கட்டைக்கு ‘ஜியாங்ஜென்’ என்று பெயர். மெய்ப்பேறு பெற்றோரைக் கீழே இறங்கிவரச் செய்யும் மணம் என்பது அதன் பொருள். சந்தனம், அகில், சாம்பிராணி எல்லாம் தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் கடல் வழியாகச் சீனத்துக்குப் போனவை. 1974இல் சுவான்ஜோ துறைமுகத்துச் சேற்றிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தபோது, அதில் நறுமணக் கட்டை மட்டும் 2000 கிலோவுக்கு மேல் கிடைத்தது. அதே சுவான்ஜோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் எடுத்த தமிழ் வணிகர்களின் கைச்சுவடு அது. சாம்பிராணி விளையும் சுமத்ராவின் பாருஸ் பக்கத்திலும் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சீனக் கலயங்களில் எழுந்த மணத்தில் நம் மூதாதையரின் கப்பல்கள் சுமந்ததும் கொஞ்சம் கலந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இதுவரை புகையைப் பற்றிப் பேசினேன். நூல்கள் அதிகம் பேசுவதும் புகையைப் பற்றித்தான். ஆனால் அந்த மக்களோடு பழகிப் பார்த்தால், அவர்கள் உயிராய்க் காப்பது கலயத்தின் அடியில் சேரும் சாம்பலை.

சீன மொழியில் ‘சியாங்ஹுவோ’ என்று ஒரு சொல் உண்டு. நேர்ப்பொருள் ‘மணமும் தீயும்’. ஒரு கோயிலில் கூட்டம் அதிகம் என்று சொல்ல, அங்கே சியாங்ஹுவோ செழிக்கிறது என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு வாரிசு இல்லை என்றால், சியாங்ஹுவோ அறுந்துவிட்டது என்பார்கள். முன்னோரின் கலயத்தில் பத்தி செருகக் கையில்லை என்று அர்த்தம். கோயிலின் பெருமையும் குலத்தின் தொடர்ச்சியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

புதிய கோயில் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். பழைய கோயிலின் கலயத்திலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்துப் புதிய கலயத்தில் இட வேண்டும். அதற்கு ‘ஃபென்சியாங்’, மணத்தைப் பங்கிடுதல் என்று பெயர். அந்தச் சாம்பலால் தாய்க்கோயில், மகள்கோயில் என்ற உறவு உண்டாகிறது. மகள் ஆண்டுக்கொரு முறை தாய் வீட்டுக்குப் போவதுபோல, தெய்வத்தைப் பல்லக்கில் ஏற்றித் தாய்க்கோயிலுக்குப் போய்ப் புது நெருப்பும் புதுச் சாம்பலும் வாங்கி வருவார்கள். ஃபுஜியானிலிருந்து கடல் கடந்த ஏழைகள் கழுத்தில் ஒரு சிறு சிவப்புப் பை தொங்கும். அதற்குள் ஊர்க் கோயில் கலயத்துச் சாம்பல். அலையில் தப்பிக் கரை சேர்ந்தவர்கள் அந்தப் பையை ஒரு குடிசையில் மாட்டி வணங்க, அந்தக் குடிசையே நாளடைவில் கோயிலான கதைகள் தைவான் முழுவதும் உண்டு. மருத்துவத் தெய்வமான பாவோஷெங் தாதியின் கோயில்கள் இப்படிக் கிளைத்ததை ஷிப்பர் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

இந்தச் சாம்பலுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். கடல் அன்னை மாசு உங்களுக்குத் தெரிந்த தெய்வம்தான். சிங்கப்பூர் தெலோக் ஆயர் தெருவில் 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயில் அவளுடையது. அதே வரிசையில் நம் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் நிற்கிறது. மாசுவின் மூலக்கோயில் ஃபுஜியான் கடலோரத்து மெய்ஜோ தீவில். தைவானில் தாஜியா என்ற ஊரின் ஜென்லான் கோயில் அவளுக்குரியது. அங்கிருந்து ஆண்டுதோறும் அடியார்கள் தெற்கே பெய்காங் கோயிலுக்கு நடந்துபோய் நெருப்பு வாங்கி வருவது வழக்கமாக இருந்தது. நெருப்பு வாங்குகிறவர் மகள், கொடுப்பவர் தாய் என்றுதான் ஊர் பேசும். அந்தப் பேச்சு தாஜியாக்காரர்களுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மாசு விண்ணேறிய ஆயிரமாவது ஆண்டு 1987. தைவானிலிருந்து சீனத்துக்கு நேரே போகத் தடை இருந்த நேரம். தாஜியா கோயில் நிர்வாகத்தார் ஜப்பான் வழியாகச் சுற்றி மெய்ஜோவுக்குப் போனார்கள். மூலக்கோயிலிலிருந்து ஒரு சிலையும் ஒரு கலயமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூலத்திலிருந்தே நேரே வாங்கிய பிறகு பெய்காங் தாயாக எப்படி இருக்க முடியும்? 1988இலிருந்து ஊர்வலம் பாதை மாறி சின்காங் ஊரின் கோயிலுக்குப் போகிறது. ஒன்பது நாள், எட்டு இரவு, 300 கிலோமீட்டருக்கும் மேல். லட்சக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பாதை ஒரு கலயத்தால் திசை மாறியது.

நம் ஊரிலேயே பார்க்கலாம். ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். விரதம் இருந்து வெள்ளை உடுத்திப் போகும் தமிழரையும் நான் பார்த்திருக்கிறேன். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், முதல் ஒன்பது நாள். தெய்வங்களை அழைக்க எங்கே போகிறார்கள்? கடலுக்கு. அழைத்து வருவது எதை? ஒரு கலயத்தை. இருட்டில், அலைக்கரையில், மந்திரம் ஓதி, கலயத்தில் மணம் மூண்டதும் தெய்வம் வந்துவிட்டது. மஞ்சள் திரைக்குள் மறைத்துத் தூக்கி வருவார்கள். பல்லக்கு அங்குமிங்கும் ஆடும். கோயிலின் உள்ளறையில் வைப்பார்கள். அங்கே நுழையச் சிலருக்கே அனுமதி. ஒன்பதாம் இரவு திரும்பவும் கடலில் விடை கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கரையில் நிற்கும் பெண்கள் அழுவதைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்திருக்கிறது.

அந்த விழாவை நடத்தும் தலைவருக்கு ‘லோ சூ’ என்று பெயர். கலயத்தின் உடையவர் என்று பொருள். பணமோ வாக்கோ அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. பிறை வடிவில் இரண்டு மரத்துண்டு, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருட்டு. ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் தெய்வத்தின் முன் கீழே போடுவார்கள். ஒன்று தட்டை, ஒன்று உருட்டாக விழுந்தால் சம்மதம். தொடர்ந்து அதிக முறை சம்மதம் பெற்றவர் அந்த ஆண்டின் கலயத்துக்கு உடையவர். கோயில் கட்டடம் இல்லாத சிறு தெருக் குழுக்களில் கலயம் அவர் வீட்டுக்கே போய்விடும். அடுத்த ஆண்டு இன்னொரு வீட்டுக்கு. கட்டடமே இல்லாமல் ஒரு கோயில் ஐம்பது ஆண்டு வாழ்ந்துவிட முடிவது இப்படித்தான்.

இப்போது புகைக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. நியாயமான எதிர்ப்பு, மூடிய இடத்தில் இந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு. தைபே நகரின் சிங்தியான் கோயில் 2014 ஆகஸ்டில் பத்தி கொளுத்துவதையே நிறுத்தி, கலயங்களை எடுத்துவிட்டது. கைகூப்பி மனத்தால் மணம் ஏற்றினால் போதும் என்றார்கள். வேறு பல கோயில்கள் ஒரு கலயம், ஒரு பத்தி என்று குறைத்துக்கொண்டன. 2017 ஜூலையில், அரசு பத்தியைத் தடை செய்யப்போகிறது என்ற பேச்சு பரவ, தைவானெங்கும் இருந்து கோயில்கள் தங்கள் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு தைபேயில் அதிபர் மாளிகைக்கு எதிரே உள்ள பெருஞ்சாலையில் இறங்கின.

இரண்டு பக்கத்தாரின் மனமும் எனக்குப் புரிகிறது. என் கருத்தைக் கேட்டால், புகையைக் குறைப்பதில் இழப்பு ஏதும் இல்லை. லூ சியுஜிங்கின் அறையில் ஒரே கலயம்தான் இருந்தது. கட்டுக்கட்டாகப் பத்தி கொளுத்துவதும் ஆள் உயர டிராகன் பத்தி நடுவதும் பக்தியின் அளவுகோல் அல்ல. ஆனால் கலயத்தையே எடுத்துவிட்டால் சாம்பலைப் பங்கிட முடியாது. தாய் மகள் உறவும் கலயத்தின் உடையவரும் அதோடு போய்விடும். மனத்தில் ஏற்றும் மணம் ஒருவருக்குப் போதும். ஓர் ஊருக்கு அது போதாது என்றே நினைக்கிறேன்.

ஆமாவிடம் திரும்புகிறேன். சீன ஆண்டின் கடைசி மாதம் இருபத்து நான்காம் நாள், தெய்வங்கள் அறிக்கை சொல்ல மேலே போயிருக்கும்போது, அவர் கலயத்தைச் சுத்தம் செய்வார். தரையில் செய்தித்தாள் விரித்து, ஒரு பீங்கான் கரண்டியும் தேயிலை வடிகட்டியும் வைத்துக்கொள்வார். கலயத்தை இடம் மாற்றவே மாட்டார். இடக்கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வலக்கையால் சாம்பலைக் கரண்டி கரண்டியாக எடுப்பார். எரிந்து தீர்ந்த பத்திகளின் சிவப்புக் குச்சிகளைப் பொறுக்கி ஒரு பக்கம் வைப்பார். சாம்பலைச் சலிப்பார். மாவைவிட மெல்லிதாக, இளஞ்சாம்பல் நிறத்தில் அது விழும். அதிகமானதை நீக்கி மீதியைத் திரும்பக் கலயத்தில் இட்டு, கரண்டியின் முதுகால் மெல்ல அமுக்குவார். முழுவதும் கொட்டிப் புதுச் சாம்பல் போட்டால் என்ன என்று ஒரு தரம் கேட்டேன். இதில் என் மாமியார் வைத்த பத்தி இருக்கிறது என்றார்.

கடைவீடுகளின் வாடகைக் கட்டுப்பாடு நீங்கிய பிறகு எங்கள் வரிசை காலியாயிற்று. ஆமாவின் மகன் அடுக்குமாடியில் வீடு வாங்கி அழைத்துப்போக வந்தார். கட்டில், அலமாரி, சாமி மேடை, சாமி சிலைகள்கூடச் சிவப்புத் துணி சுற்றி லாரியில் ஏறின. கிளம்பும் முன் ஆமா இரண்டு மரப்பிறைகளையும் தரையில் போட்டார். ஒன்று தட்டை, ஒன்று உருட்டு. எழுந்து கலயத்தின் வாயைச் சிவப்புக் காகிதத்தால் கட்டினார். லாரியில் வைக்கலாம் என்று மகன் கை நீட்டினார். கொடுக்கவில்லை. காரின் பின் இருக்கையில் உட்கார்ந்து, கலயத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கார் திரும்பும்போது அது சாய்ந்துவிடாமல் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கையசைக்கவும் இல்லை.